தாழ்ப்பாள் போடாத வீடு

அரியலூருக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே உண்ணாமலை வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினாள். செய்த குற்றம், அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டது. வீட்டுக்காரர் செல்லக்கண்ணு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னமும் பிளாட்பாரத்து ஒலிபெருக்கிக்குள் உட்கார்ந்திருப்பவர் போலத்தான் பேசுவார். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துத் தூசி தட்டி, நடுவில் இடம் விட்டு அடுக்குவார்.

“இங்க... மாமா... மச்சான்லாம்... கெடையாது. சார்னு... கூப்புடணும்.”

“சரிங்க சார் மாமா” என்றாள் உண்ணாமலை.

மாடியில் அவர் இருந்தார். கீழே வரிசையாக லைன் வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு நடை, ஒரு குழாய், ஒரு குளியலறை. நடுவில் இருந்த வீட்டுக்கு உண்ணாமலையும் அவள் புருஷன் இராமலிங்கமும் வந்தார்கள். செந்துறைப் பக்கம் இருந்த அவர்கள் நிலம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வெடி வைக்க வைக்க வீட்டுச் சுவரிலும் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. மகளை ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்த கையோடு டவுனுக்குக் கிளம்பிவிட்டார்கள். இராமலிங்கத்துக்கு லாரி எடை போடும் இடத்தில் வாட்ச்மேன் வேலை. அவர் பேசுவதைவிட அந்த எடைமேடை அதிகம் பேசும்.

டவுன் உண்ணாமலைக்குப் பிடிக்காமல் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது, கரண்டு போகாமல் இருந்தது, தெருமுனையில் இட்லி கிடைத்தது. பிடிபடாதது ஒன்றுதான். எங்கே போகிறாய், என்ன குழம்பு, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று அவள் கேட்டால் ஆட்கள் ஏதோ கைப்பையைப் பிடுங்கியது போல முழித்தார்கள். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் அவளுக்குக் கேட்கும். அவள் வீட்டுக் கதவு மட்டும் நாளெல்லாம் விரியத் திறந்து கிடந்தது.

ஒரு நாள் முக்குக் கடை வாசலில் இரண்டு டிப்பர் லாரி டிரைவர்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் ஜாக்கி கம்பியை ஓங்கினான், மற்றவனுக்குப் புருவம் பிளந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். கறிவேப்பிலை வாங்கப் போன உண்ணாமலை பையைக் கீழே வைத்துவிட்டு நடுவில் புகுந்தாள். விலக்கப் போன இடத்தில் ஒருவனின் முழங்கை அவள் தாடையில் இறங்கியது. வாயெல்லாம் ரத்தம். அதைத் துப்பிவிட்டு, கம்பி வைத்திருந்தவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அவன் கம்பியைக் கீழே போட்டான். மறுநாள் தெருவே அந்த வீடியோவைப் பார்த்தது. குழாயடியில் யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. செல்லக்கண்ணு மட்டும் மாடியிலிருந்து, இந்த வீட்டில் குடியிருப்பவர்கள் ரோட்டுச் சண்டையில் கலந்துகொள்ளக் கூடாது என்று அறிவித்தார்.

அவள் ஊரில் அடிதடி இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. கல்யாணமான புதிதில் இராமலிங்கமே அவளை அடித்திருக்கிறார். அவளும் ஒரு முறை உலக்கையால் திருப்பிக் கொடுத்ததில், அவர் மாதக் கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். ஆனால் அதற்கு ஒரு எல்லை வைத்திருந்தார்கள். அடி தாங்காமல் ஒருத்தி பக்கத்து வீட்டுக்குள் ஓடிவிட்டால் முடிந்தது. புருஷன்காரன் வாசலோடு நிற்க வேண்டும். வெளியே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், அவள் வம்சத்தையே திட்டலாம், படியை மட்டும் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வீட்டு ஆண்கள் கையை உடைத்து அனுப்பினாலும் ஏன் என்று கேட்க நாதி இருக்காது. அதனால் எவனும் தாண்டியதில்லை. கதவைச் சாத்த வேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை.

இந்தச் சட்டம் உலகம் முழுக்க இருப்பதாக உண்ணாமலை நம்பிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் போர்ஷனில் மணிமாறனும் கவிதாவும் இருந்தார்கள். மணிமாறன் டைல்ஸ் கடையில் சேல்ஸ்மேன். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தடித்த மோதிரம். போன் வந்தால் குரலில் தேன் ஒழுகும். “சொல்லுங்க சார்... கண்டிப்பா சார்... நம்ம வூடு மாதிரி பாத்துச் செஞ்சிரலாம் சார்” என்று அவன் குழைவதைக் கேட்டால் எவனுக்கும் தன் வீட்டுத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடத் தோன்றும். போனை வைத்ததும் அந்தக் குரல் காணாமல் போய்விடும். அப்புறம் சுவரில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். உடனே மற்ற வீடுகளில் டிவி சத்தம் கூடும். யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை, ஆனால் ஒரே நேரத்தில் கூடும்.

கவிதா பாடாலூர்ப் பெண். இருபத்து நாலு வயது. முகத்தின் இடதுபக்கத்தைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்க வருவாள்.

உண்ணாமலை ஒருநாள் குழாயடி வரிசையில் எல்லாரும் நிற்கும்போதே மணிமாறனைக் கேட்டுவிட்டாள்.

“ஏந் தம்பி, அந்தப் புள்ளயப் போட்டு ஏன் அடிக்கிற?”

அவன் சிரித்தான். “அடிக்கலக்கா. பீரோவ நவுத்துனேன்.”

“பீரோவ நவுத்துனா அதுக்கு ஏந் தம்பி கன்னம் வீங்குது?”

வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மணிமாறனும் சிரித்தபடியே குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்கு டிவிகள் வெகுநேரம் அலறின. அடுத்த சில நாள் கவிதா வெளியே வரவில்லை. வந்தபோது காது வீங்கியிருந்தது. ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்றாள். உண்ணாமலை அவளை நடையின் ஓரத்துக்கு இழுத்துப் போனாள்.

“இனிமே அடிச்சான்னா அங்கயே நின்னு வாங்கிக்கிட்டு இருக்காத. ஓடியாந்து என் வூட்டுக்குள்ள பூந்துரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. அவன் உள்ள வர மாட்டான்.”

கவிதாவுக்கு அது புதுச் செய்தி. ஆனாலும் சொன்ன விதத்தில் அவ்வளவு உறுதி இருந்ததால் நம்பிவிட்டாள். அதிலிருந்து அவள் கொஞ்சம் பேசவும் ஆரம்பித்தாள். பேசத் தொடங்கியதும் அவளுக்குள் ஒரு குறும்புக்காரி இருப்பது தெரிந்தது. செல்லக்கண்ணு மாதிரி வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, தண்ணீர் தொட்டி காலியாக இருப்பதை ரயில் தாமதம் போல அறிவிப்பாள். உண்ணாமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இராமலிங்கம் வேலைக்குப் போயிருந்த நேரம், இரண்டு பேரும் குழாயடியில் கறி கழுவிக்கொண்டிருந்தபோது கவிதா தன் புருஷனின் போன் குரலை எடுத்தாள். கரண்டியைக் காதில் வைத்து, இடுப்பை வளைத்து, “சொல்லுங்க சார்... ஒடஞ்சா நான் பொறுப்பு சார்... என் பொண்டாட்டிய அடிச்சுப் பழகுன கை சார், டைல்ஸ்லாம் பதமாத்தான் புடிப்பேன் சார்” என்றாள். உண்ணாமலை சிரித்த சிரிப்பு நடை முழுக்க எதிரொலித்தது.

குளியலறைக் கதவு திறந்தது. துண்டு கட்டிய கோலத்தில் மணிமாறன் நின்றான். தன் வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கவிதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், போன் குரலிலேயே. அவள் போனாள்.

உண்ணாமலை கறியை அடுப்பில் ஏற்றியபோது முதல் அடி சுவரில் கேட்டது. இரண்டாவது பாத்திரங்களில் கேட்டது. அதன்பிறகு கவிதா கத்தினாள், டிவிகள் ஏறின. உண்ணாமலை அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவதற்குள் கவிதாவே ஓடிவந்து அவள் காலடியில் விழுந்தாள். மேல் உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை. அவளை அடுக்களைப் பக்கம் தள்ளிவிட்டு, உண்ணாமலை நிலைச்சட்டத்தில் ஒரு கை வைத்துத் தன் வாசலில் நின்றாள். கதவைச் சாத்தவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மணிமாறன் வந்தான்.

“அங்கயே நில்லு தம்பி. இது என் வூடு.”

“யாரு நீ?” என்றான் அவன்.

கேட்டுவிட்டுப் படியைத் தாண்டினான். அவ்வளவு சாதாரணமாகத் தாண்டினான். உண்ணாமலைக்குத் தன் கண்ணெதிரே ஒருவன் சுவருக்குள் புகுந்து நடந்தது போல இருந்தது. அவன் அவளை உள்ளே இடித்துத் தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தினான். நிலைச்சட்டத்தில் அவள் வலது கை இன்னும் இருந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கையை அவள் இழுத்துக்கொண்டதும் அவன் மறுபடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். குடிவந்த நாளிலிருந்து தொடப்படாத தாழ்ப்பாள். துருப்பிடித்துக் கிடந்ததை அவன் ஓங்கிக் குத்தி ஏற்ற வேண்டியிருந்தது.

பிறகு நிதானமாக அடித்தான். கவிதாவின் முடியைக் கையில் சுற்றி, அடுப்பு மேடையின் முனையில் அவள் நெற்றியை மோதினான். மோதும்போதெல்லாம், “பேசிக் காட்டு. இப்பப் பேசிக் காட்டு” என்றான். உண்ணாமலை அவன் முதுகில் தொங்கிக் கழுத்தைக் கடித்தாள். உதறியதில் குடத்தின் மேல் போய் விழுந்தாள். அவன் திரும்பி அவள் விலாவில் இரண்டு உதை விட்டான். மூச்சு நின்று வந்தது. வலது கை பிடுங்கிய கிழங்கு போல மணிக்கட்டிலிருந்து தொங்கியது.

இடது கைக்கு அம்மிக் குழவி அகப்பட்டது. மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு, தரை உடையும் என்று செல்லக்கண்ணு எவ்வளவோ சொல்லியும் அவள் ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தபடியே அதைத் தூக்கி அவன் பாதத்தின் மேல் போட்டாள். அவன் மடங்கினான். மடங்கியவனின் முழங்காலில் இன்னொரு தடவை இறக்கினாள். மூன்றாவது தடவை தலைக்கு ஓங்கினாள். கவிதாதான் ரத்தம் வழியும் முகத்தோடு தவழ்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

மணிமாறன் அலறினான். பெண் கத்தும்போது கூடிய டிவி சத்தமெல்லாம் ஆண் கத்தியதும் ஒன்றொன்றாக அடங்கியது. கதவுகள் திறந்தன. வெளியே தட்டினார்கள். கவிதா சுவரைப் பிடித்து எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

மறுநாள் காலை உண்ணாமலை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இராமலிங்கம் அவளுடைய மாத்திரைகளைப் பிடித்தபடி இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே மணிமாறன் புகார் கொடுத்திருந்தான். குடும்பம் நடத்தும் தன் வீட்டுக்குள் பக்கத்துவீட்டுப் பெண் புகுந்து, தன் மனைவியையும் தாக்கித் தன்னையும் கொல்லப் பார்த்தாள் என்று. ரோட்டுச் சண்டை வீடியோவையும் சேர்த்து அனுப்பியிருந்தான். எஸ்.ஐ. வெற்றிச்செல்வி அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். பார்க்க உண்ணாமலை அசல் ரவுடியாகத்தான் இருந்தாள்.

சாட்சிக்குச் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். யார் வீட்டில் நடந்தது என்று கேட்டதற்கு, தான் மாடியில் இருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும், தனக்குப் பிரஷர் உண்டு என்றும் வண்டி வண்டியாக அறிவித்தார். மற்ற வீட்டுக்காரர்கள் வரவே இல்லை. ஆக, கவிதா ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். உண்ணாமலை திருச்சி ஜெயிலுக்குப் போவாள், கவிதா மணிமாறன் வீட்டுக்குப் போவாள்.

பாடாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த கவிதாவின் அம்மா அதற்குத்தான் மகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். புருஷன் உள்ளே போனால் நாளைக்குச் சோறு யார் போடுவார், தங்கச்சிக்கு யார் வந்து பெண் கேட்பார் என்று காதுக்குள் அடுக்கினாள். கேட்காத காதுப் பக்கமாக உட்கார்ந்திருந்ததால் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

“அந்தப் பொம்பள யாருடி நமக்கு? சாதியா, சனமா? நேத்து குடிவந்தவ.”

உண்ணாமலை மாவுக்கட்டை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. கவிதாவை எதிரே உட்கார வைத்தார். அவசரமில்லை, நடந்ததைச் சொல் என்றார். கவிதாவின் தையல் போட்ட உதடு காற்றடைத்தது போல இருந்தது. பேச வாய் திறந்தபோது எச்சில்தான் முதலில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, சொற்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள்.

“எங்க வூட்ல நடக்கலங்க மேடம். நான் அக்கா வூட்டுக்குள்ள ஓடிட்டேன். அவரு உள்ள வந்தாரு. தாப்பாவப் போட்டது அவருதான்.”

“உள்ள வந்து அவருதான் போட்டாரா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

“அவருதான். அக்காவுக்கு தாப்பா போடவே தெரியாது.”

அம்மா மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஸ்டேஷன் என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. எஸ்.ஐ. எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அம்மாவை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, புகாரைப் புதிதாக எழுத உட்கார்ந்தார். அத்துமீறி அடுத்தவர் வீட்டில் நுழைந்தது, அடைத்து வைத்தது, அடித்தது என்று வரிசையாக எழுதினார். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை நிறுத்த ஏற்பாடு செய்தார். குழவியைப் பற்றியும் கேஸ் இருக்கும், அதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று உண்ணாமலையிடம் சொன்னார். எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கவிதாவைக் கேட்டார். அவள் உண்ணாமலையின் மாவுக்கட்டைக் கை காட்டினாள்.

மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செல்லக்கண்ணு இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டதை இராமலிங்கம் சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வெள்ளைத் தூசியைக் கொட்டிக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போனதும் உண்ணாமலை, உள்ளே அடக்கி வைத்திருந்ததை வெளியே எடுத்தாள்.

“நான்தான் ஒத்தக் கையோட கடிச்சுக்கிட்டு கெடந்தேன். ஒனக்கு என்ன கேடு? முப்பத்தோரு பல்லு மிச்சம் இருந்துச்சுல்ல. நாலு கடி கடிச்சா கொறஞ்சா போயிருவ?”

கவிதா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதட்டுத் தையல் ஒன்று பிய்ந்து, ரத்தம் மோவாய் வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. கையால் பொத்திக்கொண்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பதறி, ஆஸ்பத்திரிக்கே திருப்பவா என்று கேட்டார்.

“திருப்புப்பா, திருப்பு” என்றாள் உண்ணாமலை. “சிரிச்சு முடிக்கட்டும், சேத்துத் தச்சுக்கலாம்.”