திரைக்குப் பின்னால் ஒரு பாட்டு

நன்றாகச் செய்த ஒரு காரியத்தை ஏன் மறைத்தேன்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

மயிலாப்பூரில் என் மகளின் பள்ளி ஆண்டு விழா. குழந்தைகளுக்கு ஜடை பின்னிவிட மேடைக்குப் பின்னால் போயிருந்தேன். கோலாட்டத்துக்குப் பாட வேண்டிய டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"எங்கம்மாக்குத் தெரியும் டீச்சர். மாவு அரைக்கறச்சே முணுமுணுப்பா" என்றாள் மகள்.

ஒரு மாதமாக அவள் வீட்டில் பாடிப் பழகியதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். ஆனால், பெண் பார்க்க வந்த அன்று பாடியதற்குப் பிறகு நான் வாய்விட்டுப் பாடியதே இல்லை. யாரும் பாடச் சொன்னதும் இல்லை. திரைக்குப் பின்னால் மைக்கைப் பிடித்து மெதுவாக ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் குரல் தானாக எழுந்தது. பாட்டு முடிந்தபோது, இன்னும் பாட வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

வீடு திரும்பும் வழியில் மாமியார், "அந்த டீச்சர் ரேடியோல பாடறவா மாதிரின்னா பாடினா" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீயும்தான் பொண் பாக்க வந்தப்போ ஒண்ணு பாடினே. அதோட சரி."

மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். ஆறு வயதுக் குழந்தைக்கு அன்று மறைக்கக் கற்றுக்கொடுத்தேன்.

இப்போது, டீச்சர் சொல்லித் தெரிந்துகொண்ட தலைமையாசிரியை, வாரம் இரண்டு நாள் மதியம் பாட்டுச் சொல்லித்தர என்னை அழைக்கிறார். விடுமுறை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அனுமதி கேட்டால் அன்று மறைத்ததும் வெளியே வரும். மறுத்துவிட்டால் இனி எங்கே பாடுவேன்? சகோதரிகளே, இதை வீட்டில் எப்படி ஆரம்பிப்பது? யாரிடம் முதலில் சொல்வது? எழுதுங்கள்.