சிங்காரத்தின் மீசையில் நெய் வாசனை

சிங்காரம் குளியலறை வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வெயில் காலம், தாகம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் குடித்தான். அதற்கு மறுநாள் வாளிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். அவனுடைய மணல் தட்டு நாளுக்கு நான்கு முறை நனைந்தது. பூனை நன்றாகத் தண்ணீர் குடிக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நான் மயிலாப்பூரில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறவள். மிஷின் மேசைதான் சிங்காரத்தின் சிம்மாசனம். பட்டோ பருத்தியோ, வெட்டி வைத்த துணியின் மேல்தான் உட்காருவான். ஒன்பது வயது, நல்ல கனம், திட்டினால் காதை மட்டும் திருப்புவான். ஒருநாள் மேசைக்குத் தாவப் பார்த்துப் பாதியில் சரிந்து விழுந்தான். எழுந்து நடந்தபோது பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட்டது. அள்ளிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடையாற்றில் கால்நடை மருத்துவர் ரத்தமும் சிறுநீரும் பார்த்தார். இளம்பெண், பொறுமைசாலி.

“சர்க்கரைம்மா. கால் நரம்பையும் கொஞ்சம் பிடிச்சிருக்கு. ஆனா பூனைங்களுக்கு இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. சீக்கிரம் கட்டுக்குள்ள கொண்டுவந்தா ரெமிஷன் கிடைக்கலாம்.”

ரெமிஷன் (நோய் அடங்கி, ஊசியில்லாமலே சர்க்கரை சரியாக இருக்கும் காலம்) என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

என் கணவர் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் பல வருடச் சர்க்கரை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், “இன்னாமே, என் சீக்கு புள்ளைக்கும் வந்துக்கீதா?” என்று கேட்டுவிட்டு அழுதே விட்டார்.

காலை ஆறு, மாலை ஆறு. முதலில் சாப்பாடு, அப்புறம் இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து). சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து. காது ஓரத்தில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுக்கவும் கற்றுக்கொண்டேன். முதல் நாள் அழுதது நான்தான், அவன் இல்லை. பால்சாதம் நின்றது. மருத்துவர் எழுதிக்கொடுத்த டப்பா உணவு வந்தது. அலமாரியில் இரண்டு சர்க்கரைக் கருவிகள்: கறுப்பு கணவருடையது, நீலம் சிங்காரத்துடையது.

நான்காம் மாதம் மருத்துவர் ஊசியை நிறுத்தச் சொன்னார். அந்த வாரமே அவன் மேசைக்குத் தாவினான். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் பால்கோவா கொடுத்தேன். கணவருக்கு மட்டும் கொடுக்கவில்லை.

வாரம் ஒருமுறை சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்காகத்தான் செய்துவந்தேன். பிறகு தீபாவளித் தையல் கழுத்தை நெரித்தது. ஒரு வாரம் விட்டேன், இன்னொரு வாரம் விட்டேன். நன்றாகத்தானே இருக்கிறான் என்ற மிதப்பில் தீபாவளி போனபிறகும் கருவியை எடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

மார்கழி பாதியில், காலையில் குளிக்கப் போனால் வாளிக்குள் அவன் தலை. நீலக் கருவியை எடுத்தேன். முந்நூற்று முப்பது! காதைத் துடைக்கக் குனிந்தபோதுதான் அந்த வாசனை அடித்தது. நெய். மிளகு. மீசை பிசுபிசுவென்றிருந்தது.

நடைப்பயிற்சி முடித்துச் சற்றுமுன் வந்திருந்த கணவர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை குறைய விடியற்காலையில் கோயில் வீதிகளைச் சுற்றி நடக்கிறவர். அவர் மீசையையும் மோந்து பார்த்தேன். அதே நெய்.

“கோயில்ல பொங்கல் குடுத்தாங்களா?”

“பிரசாதம்மே. வேணாம்னு சொல்ல முடியுமா?”

“இவனுக்கு?”

“தொன்னையப் பாத்துட்டு படிக்கட்டுல குந்திக்கினு கீறான். அவன் மூஞ்சியப் பாத்துக்கினு நான் மட்டும் எப்டி துன்றது?” என்றவர், சட்டென்று தைரியம் வந்தவராக, “அது வெண்பொங்கல்மே! சர்க்கரப் பொங்கல்னா நாங்க தொடவே மாட்டோம்” என்றார்.

நாங்களாம்! அரிசியும் சர்க்கரைதான் என்று அவருக்கு இத்தனை வருடமாகத் தெரியாதா என்ன? கறுப்புக் கருவியையும் எடுத்து அவர் விரலில் ஒரு குத்து குத்தினேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார். சிங்காரத்தைவிட அதிகம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சிங்காரத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் அடையாற்றுக்கு ஓடினோம். மருத்துவர் கணவரைத் திட்டவில்லை.

“பொங்கல் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதுப்பா. ரெமிஷன்ல இருந்த பூனைக்குத் திரும்ப ஏறலாம். மறுபடி ஊசி போடுவோம். ஆனா இந்தத் தடவை ரெமிஷன் வராமலும் போகலாம்.”

“பழைய மாதிரி தாவுவானா டாக்டர்?” என்று கேட்டேன்.

“பார்ப்போம்மா.”

ஆட்டோவில் கூடைக்குள் விரலை விட்டபடியே வந்தேன். பக்கத்தில் அவர், தன் மடியில் கைவைத்து, பரீட்சையில் தோற்றவர்போல உட்கார்ந்திருந்தார். கோபம் முழுக்க வடிந்துவிட்டது. இரண்டு பேருமே எனக்கு வேண்டும்.

மறுபடி காலை ஆறு, மாலை ஆறு. இப்போது ஊசி போடுவது அவர்தான். “நம்ம ரெண்டு பேருக்கும் டூட்டி டைம் நைனா” என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவனுக்குப் போட்டபின் தன் மாத்திரையை விழுங்குகிறார். பிரசாதம் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பருக்கை வாயில் போட்டு, மீதியைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் தானாகவே மீசையை நீட்டுவார். மோந்து பார்த்து உள்ளே விடுகிறேன்.

பங்குனி வந்தது. ஊசி நிற்கவில்லை, ஒரு யூனிட் போகிறது, சர்க்கரை அடங்கியிருக்கிறது. முன்பெல்லாம் என் நாள் டெலிவரி தேதியை வைத்து ஓடும். இப்போது ஆறிலிருந்து ஆறு வரைதான் என் கணக்கு. அதற்குள் நன்றாக இருந்தால் அது நல்ல நாள். ஊசியை நிறுத்துவதுதான் குணமாவது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

நேற்று ஒரு கல்யாணப் பெண்ணின் மாம்பழ நிறப் பட்டுத் துணியை வெட்டி மேசையில் பரப்பியிருந்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். பின்பக்கத்தை இரண்டு முறை ஆட்டினான். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். தாவினான். நான்கு காலும் மேசைமேல்! பட்டுக்கு நட்டநடுவே கால்களை மடக்கி உட்கார்ந்தான். “ஏறிட்டான்மே! ஏறிட்டான்!” என்று கணவர் தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா போன் செய்தார். “அக்கா, பிளவுஸ் தைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?”

“இல்லம்மா, துணி மேல ஆள் உக்காந்திருக்கு” என்றேன். “எழுந்துக்கச் சொல்ல எனக்கு மனசு வரல.”