இருநூற்றுப் பன்னிரண்டு சூதாட்டக் கூடங்களின் இயக்குநர்

"என் பேனா இன்னிவரைக்கும் ஒரு தாளையும் படிச்சதில்ல, ஒரு தாளையும் வேணாம்னு சொன்னதுமில்ல!"

டாமினோக் கட்டையை மேசையில் ஓங்கி அறைந்து எட்செல் கிரிகோரி இப்படி முழங்கியபோது, கரீபியக் கடலின் குராசோ தீவில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றைய தேதியில் அவர் இருநூற்றுப் பன்னிரண்டு இணையச் சூதாட்டக் கூடங்களின் இயக்குநர். வாழ்நாளில் ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்கியவர் அல்ல.

அது ஒரு பொற்காலம். தலைநகர் வில்லெம்ஸ்டாட்டில் செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு மாடிப்படி. அதுதான் எங்கள் அலுவலகம். எவரோ ஒருவர் கையில் மூல உரிமம் இருக்கும். அதன் நிழலில் உலகில் யார் கேட்டாலும் துணை உரிமம் கிடைக்கும். உள்ளூர் முகவரி ஒன்றும் உள்ளூர் இயக்குநர் ஒருவரும் இருந்தால் போதும். முகவரி எங்கள் மாடிப்படி. இயக்குநர் எட்செல். அடுத்த மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்தியவன் நான்.

விண்ணப்பம் இரண்டே பக்கம். 'எந்தப் பணம் ஏற்கப்படும்?' என்ற இடத்தில் 'எல்லாம்' என்று எழுதினால் முடிந்தது. பிட்காயின் வந்த புதிதில் ஒருமுறை மட்டும் எட்செல் சற்றுத் தடுமாறினார்.

"தம்பி, இது எந்த ஊர்க் காசு?"

"எந்த ஊர்க் காசும் இல்லண்ணே."

"அப்ப எந்த ஊர்ச் சட்டமும் இல்ல. குத்துடா முத்திரைய!"

பத்து மணிக்குள் கையெழுத்துகள் முடிந்துவிடும். பிறகு சீஸ் வைத்துப் பொரித்த பஸ்டேச்சி, காப்பி. வாடிக்கையாளர் யாராவது நேரில் வந்துவிட்டால், கப்பலுக்கு வழிவிட மிதவைப் பாலம் திறந்திருந்ததால் இயக்குநர் அக்கரையில் மாட்டிக்கொண்டார் என்று எட்செலே கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

அப்புறம் கடிதங்கள். அந்தக் கூடங்களுக்கெல்லாம் பூமியில் இருந்த ஒரே கதவு எங்களுடையது என்பதால், ஆடியவர்கள் எழுதுவதெல்லாம் அங்கேதான் வரும். எட்செல் அஞ்சல்தலை சேர்ப்பவர். உறையை வெந்நீரில் போட்டுத் தலையைப் பதமாக உரித்து ஆல்பத்தில் ஒட்டுவார். மிச்சத்தைக் குப்பையில் போடுவது என் இலாகா. பின்லாந்துக்காரர்கள் அழகான தலைகளை ஒட்டுவார்கள். அன்னப்பறவை போட்ட ஒரே ரகத் தலையாக ஒரு பெண்மணி பதினொரு கடிதம் அனுப்பியிருந்தார்.

"ஒண்ணு போதாதா? பாவம், தாராள மனசு," என்று எட்செல் நெகிழ்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு புதுச் சட்டம் வந்து பொற்காலத்தை முடித்துவைத்தது. துணை உரிமம் கிடையாதாம். ஒவ்வொரு காயினும் யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டுமாம். எல்லாவற்றையும் விட அநியாயம், இயக்குநர் 'நானே முழுவதும் படித்தேன், நானே பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம்! கூடங்கள் வேறு தீவு தேடிக் கிளம்பின. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் முதலாளி, செக் நாட்டு ப்ரோகோப், நேராக எட்செலைப் போனில் கூப்பிட்டார்.

"வழக்கம்போலத்தானே சார்? உங்க பேரு கேட்டுத்தான் அன்னிக்கு இந்தத் தீவுக்கே வந்தோம்."

நூற்றெண்பது பக்கம் வந்து சேர்ந்தது. கையெழுத்திட்டால் நாற்காலியும் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகையும் நிலைக்கும். இல்லாவிட்டால் இயக்குநர் பதவியே போய்விடும். வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சனிக்கிழமை மதியம், டாமினோ மேசைக்கே தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேனா மூடியைக் கழற்றினார். அந்த 'நானே படித்தேன்' வரி அவரை என்ன செய்ததோ, மனைவி ரூத்மிலாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"என்ன, கண்ணு தெரியலையா? போடுற இடம் கடைசிப் பக்கம்!" என்றாள் ரூத்மிலா. "போட்டுத் தொலைங்க. நாள் பூரா நீங்க வீட்ல கெடந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்."

அவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நாங்கள் மூன்று ஆட்டம் ஆடி முடித்தோம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கம்பெனியின் உள்குறிப்பையும் சேர்த்தே தைத்திருந்தார்கள். மெதுவாக வாய்விட்டுப் படித்தார்: 'தன்னை ஆட விடாமல் தடுக்கும்படி எழுதிக் கேட்கும் ஆட்டக்காரருக்குப் பதில் அனுப்ப வேண்டாம். இலவச ஆட்டம் மூன்று அனுப்பவும்.'

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த அன்னப்பறவை லெட்டர்ல எல்லாம் என்னடா எழுதியிருந்துச்சு?"

"யாருக்குண்ணே தெரியும்? ஸ்டாம்ப நீங்க எடுத்தீங்க, மிச்சத்த நான் தூக்கிப் போட்டேன்."

"பதினொண்ணு," என்றார்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தாள்களை ஒழுங்காக அடுக்கி, கையெழுத்துக்கான இடம் வெறுமையாகவே இருக்க, பழையபடி உறைக்குள் போட்டார். ரூத்மிலா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைகளைக் கலைக்கத் தொடங்கினாள்.

எட்செல் கண்ணாடியைக் கழற்றவில்லை. தன் ஏழு கட்டைகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக, புள்ளிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.