ஆறு பாரமாகப் பிரிந்த ஆட்டுக் கதை

எனக்கு அப்போதெல்லாம் மூக்கின் மேல் கோபம். வில்லாபுரத்தில் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போதே பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதியைப் பிள்ளைகள் ஏற்றிவிடுவார்கள். கேள்வி பதிலை நெட்டுருப் போட்டு மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். என்ன ஒப்பித்தாய் என்று தமிழில் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது.

பள்ளியில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. பசுமலையில் யாரோ வீடு காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் உள்ளே இருந்தன. நாற்பது சொச்சம் இருக்கும், எல்லாம் படம் போட்டவை. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டியே வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கண்ணாடி வழியாக அட்டையைப் பார்ப்பதோடு சரி. நான் தலைமையாசிரியையிடம் சண்டை போடாத குறையாகச் சாவியைக் கேட்டு வாங்கினேன். அவரைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள்.

"வருஷக் கடைசியில நானே ஸ்டாக் எடுப்பேன்" என்றார் அவர். "ஒரு புத்தகம் குறைஞ்சாலும் சரி, கிழிஞ்சாலும் சரி, சாவியை வாங்கிக்கிருவேன். அப்புறம் பீரோ தெறக்காது. பாத்துக்கங்க."

வாரம் ஒரு புத்தகம், நோட்டில் பெயரெழுதி எடுத்துப் போகலாம் என்று வைத்தேன். முதலில் படம் பார்க்க எடுத்தார்கள். பிறகு படத்துக்குக் கீழே இருப்பதை எழுத்துக் கூட்டினார்கள். சில மாதத்தில் ஒரு புத்தகத்துக்கு மட்டும் அடிதடி நடந்தது. கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு கிழவனையும் அவன் ஆட்டையும் பற்றிய கதை. பாதிக் கதையில் புயல் வருகிறது, ஆட்டைக் காணோம். கடலைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு அந்த ஆடு என்ன ஆனது என்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.

ஸ்டாக் எடுக்க மூன்று நாள் இருக்கையில், திங்கட்கிழமை, சரிபார்த்தேன். அந்தப் புத்தகத்தைக் காணோம். வகுப்பில் கேட்டதும் ஆறு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு துணிப்பையிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு வெளியே வந்தது. காலண்டர் தாளில் அட்டை போட்டு, பெயர் எழுதி, அத்தனை சுத்தமாக.

ஸ்கேலை எடுத்துவிட்டேன்.

"கிழிக்கல டீச்சர்" என்று ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் அப்பாவுக்குப் புதுமண்டபத்துப் பக்கம் பைண்டிங் வேலை. "தைச்ச நூலைத்தான் பிரிச்சோம். சேத்துத் தைக்கிற ஒரு கட்டுக்குப் பாரம்னு பேரு. ஒரு பாரத்துக்குப் பதினாறு பக்கம், மொத்தம் ஆறு பாரம் இருக்கு. ஒவ்வொருத்தியும் வாசிச்சு முடிக்க வாரக்கணக்கா ஆகுது. அதுக்குள்ள பரீட்சை வந்துரும்ல. அதான் பிரிச்சு மாத்தி மாத்தி வாசிக்கிறோம். எங்கப்பா திரும்பத் தைச்சுத் தந்துருவாரு."

மற்ற ஐந்து பேரும் முதல் ஐந்து பாரத்தையும் முடித்துவிட்டார்கள். முன்னுக்குப் பின்னாகக் கிடைத்ததை, முன்னால் நடந்ததை மற்றவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாசித்திருக்கிறார்கள். ஆறாவது பாரம் மட்டும் ஒருத்தியிடமே நின்றுவிட்டது. அவனியாபுரம் பக்கம் வயல்வேலைக்குப் போகிறவர்களின் மகள். ஏழாம் வகுப்பில் அது அவளுக்கு இரண்டாவது வருஷம். இவளுக்கு இங்கிலீஷ் ஏறாது என்று ஆசிரியர் அறையில் நானே சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எப்படியும் வாசிக்கமாட்டாள் என்றுதான் தோழிகளும் கடைசிப் பாரத்தை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவளோ முன்கதையை அவர்களிடமே கேட்டுக்கொண்டு, அதை விடவேயில்லை. நான் முடித்துவிட்டுத்தான் தருவேன் என்று பிடிவாதம். ஆடு செத்துச்சா, பிழைச்சுச்சா, அதையாவது சொல்லித் தொலைடி என்று கெஞ்சியிருக்கிறார்கள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

"எல்லாத்தையும் இப்பவே குடுங்க" என்றேன்.

அவள் மட்டும் கொடுக்கவில்லை. "நாலு பக்கம்தான் டீச்சர் பாக்கி. புதன்கிழமை தாரேன்."

வியாழக்கிழமை காலையில் ஸ்டாக். பீரோவே போய்விடும் என்று தெரியும். இருந்தும் அந்தப் பாரத்தைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரியே பைண்டிங்காரர் புத்தகத்தைத் தைத்து, முதுகில் பசை தடவிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை பெரிய டீச்சர் எங்கள் வகுப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். ஆட்டுப் புத்தகத்தைத் தொட்டதும் விரலில் ஈரப் பசை ஒட்டியது.

"என்ன இது?"

மழுப்பத் தெரியாது எனக்கு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க."

"குடுத்துர்றேன். அதுக்கு முன்னாடி, அந்தக் கடைசிப் பாரத்தை வச்சிருந்த பிள்ளை வாசிக்கிறதைக் கேட்டுட்டுப் போங்க" என்றேன்.

"இவளா?" என்றார் அவர், அவளைப் பார்த்து.

அவள் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கினாள். விரலை வரிக்கு அடியில் வைத்து வாசித்தாள். மெதுவாக, இரண்டு மூன்று இடத்தில் தடுக்கி, தடுக்கிய இடத்தில் தானே திரும்பி வந்து. புயல் ஓய்கிறது. கிழவன் படிப்படியாக ஏறுகிறான். மற்ற ஐந்து பேரும் பெஞ்சை விட்டு முன்னால் நகர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கும் அதுதான் முதல் தடவை. உச்சியில், விளக்குக்குப் பக்கத்தில், ஆடு நிற்கிறது என்று அவள் வாசித்தபோது வகுப்பே கத்தியது. அதை ஒருவரும் தமிழில் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஆடு அம்புட்டு உசரம் ஏறுமா?" என்றார் பெரிய டீச்சர்.

"ஏறும் பெரிய டீச்சர். எங்க ஆடு கூரையிலேயே ஏறும்."

"சரி, கதவு பூட்டியிருக்குன்னு இப்ப வாசிச்சியே. அப்புறம் அது எப்படி உள்ள போச்சு?"

அவள் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். "அது ரெண்டாவது பாரத்துல வருது. நீங்க முதல்ல இருந்து வாசிக்கணும்."

பெரிய டீச்சர் என் மேஜையிலிருந்த, புத்தகம் எடுப்பவர்கள் பெயரெழுதும் நோட்டை இழுத்து, கடைசியாக எழுதியிருந்த பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

நான் சாவியை நீட்டியபடியே நின்றேன். அவர் அதை வாங்காமல் போய்விட்டார்.