என் முதுகில் நடந்த மூன்றாம் வகுப்பு

வைகையில் இறங்கி ஒரு சட்டி மணல் அள்ளிவரச் சோம்பல்பட்டு, பெற்ற மகளுக்கு என் முதுகையே சிலேட்டாகக் கொடுத்த முட்டாள் நான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதை நானே கண்டுபிடித்த புதுப் பாடமுறை என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெருமை வேறு அடித்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. மதுரை ஆரப்பாளையம் பக்கம் ஒரு வளவில் குடியிருந்தோம். வரிசையாக ஏழெட்டு வீடுகள், எல்லாருக்கும் ஒரே முற்றம், ஒரே குழாய். நான் மில் தொழிலாளி. நூற்கும் இயந்திரங்களுக்கு நடுவே ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருந்து, எங்கே நூல் அறுகிறதோ அங்கே போய் ஒட்டுகிற வேலை. உட்கார இடம் கிடையாது. இருந்தாலும் மேஸ்திரி உட்கார விடமாட்டார். சங்கு ஊதி வெளியே வரும்போது தலை, புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். எனக்குச் சீக்கிரமே நரைத்துவிட்டது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. பஞ்சைத் தட்டிவிட்டால் உள்ளேயும் நரைதான், அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் சிமெண்டுத் தரையில் குப்புற விழுவேன். மகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறி மிதித்துவிடுவாள். ஒன்பது வயது, ஒல்லி உடம்பு, என் முதுகுக்கென்றே அளவெடுத்த மாதிரி பாரம். என் மேல் அவ்வளவு லாகவமாக ஏறத் தெரிந்தவளுக்குப் படிப்பு மட்டும் ஏறவில்லை.

வாயால் கேட்டால் கணக்குக்கு உடனே விடை சொல்வாள். ஒரு கதையைக் கேட்டால் ஒரு வரி மாறாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் போச்சு. ப, ம, ய மூன்றும் அவளுக்கு ஒரே ஆளை மூன்று பக்கமிருந்து எடுத்த போட்டோ மாதிரி. நேற்று கற்றுக்கொண்ட எழுத்தை இன்றைக்கு யாரோ எவரோ என்று பார்ப்பாள். மூன்றாம் வகுப்பில் ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயில். அதட்டிப் பார்த்தோம். டியூஷன் வைத்தோம். ஞாபக சக்திக்கு வல்லாரைக் கீரை நல்லது என்றார்கள். அதை வாங்கி வருவதற்குத்தான் எனக்கு ஞாபகம் இருக்காது.

நான் எதையும் சிரிப்பாக்கிவிடுகிற ஆள். மில்லில் அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸைக் காட்டி, போர்டை வாசிக்கச் சொன்னேன். சோழவந்தான் பஸ். அவள் முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, 'சோறு' என்றாள். அன்றிலிருந்து எங்கள் வளவில் அந்த பஸ்ஸுக்குப் பெயர் சோத்து வண்டி. மில்லில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், வீட்டுக்கு யார் வந்தாலும் அவளையே கூப்பிட்டு நடித்துக் காட்டச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கும் இந்த விளையாட்டு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரைப் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். முழுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசித்தால்தான் நாலாம் வகுப்புக்கு அனுப்ப முடியும் என்றார் டீச்சர். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார்.

"பிள்ளைக்குப் புத்தி கொறச்சல் இல்லண்ணே. கண்ணு மட்டும் தனியா எழுத்தைப் பிடிச்சு வைக்க மாட்டேங்குது. கையும் வாயும் காதும் சேந்து பிடிக்கட்டும். மணல்ல விரலை வச்சுப் பெருசா எழுதச் சொல்லுங்க. எழுதும்போதே சத்தமாச் சொல்லணும்."

வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தன்னால் ஒருத்தியோடு மட்டும் உட்கார முடியவில்லை என்று, அவரும் களைப்பாகத்தான் சொன்னார்.

அந்த வாரமே சோழவந்தானிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. நாங்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"எழுத்து வரலைன்னா விடுங்க மாப்ள. நம்ம வீட்டுல வெத்தலை அடுக்க ஆள் பத்தல. இந்தத் தடவையும் தவறுச்சுன்னா எங்கூட அனுப்பிருங்க."

என் மனைவி மறுத்துப் பேசவில்லை. அவளும் அலுத்துப் போயிருந்தாள். நானும்தான். அலுத்துப்போனவனுக்கு யார் என்ன சொன்னாலும் நியாயமாகவே படும். பள்ளிக்கூடம் இதோடு முடிந்துபோகுமோ என்று மகள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன செய்தேன்? "சோத்து வண்டியிலதான் போகணும், பரவாயில்லையா?" என்று மச்சானுக்கு அந்தக் கதையை இன்னொரு தடவை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவள் சிரித்தாளா என்று நினைவில்லை.

இனி மணல் கதைக்கு வருகிறேன். ஆறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதில் தண்ணீர் இருக்காதே தவிர மணலுக்கு என்றைக்கும் குறைவில்லை. ஆனால் மில்லை விட்டு வந்தவனுக்குத் தன் வீட்டு வாசலே வெளியூர் மாதிரி. எப்படியும் முதுகில் மிதிக்கத்தானே போகிறாய், அதிலேயே குதிகாலால் எழுது, வாயால் சொல் என்றேன். எனக்கு மிதியும் ஆச்சு, அவளுக்குப் பாடமும் ஆச்சு.

முதல் நாள் எழுதினாள். நான் சும்மா கிடந்தேனா? இது என்ன எழுத்தா, நட்டுவாக்காலி ஊர்கிறதா என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தாள். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு வெறுமனே மிதித்தாள். மறுநாளும் அதே கதைதான். அப்புறம் பாடம் என்ற ஒன்று இருந்ததையே நான் மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஏறிக் கொஞ்ச நேரம் மிதிப்பாள். பிறகு குனிந்து, "அப்பா, தூங்கிட்டீங்களா?" என்பாள். விளையாட ஓடுவதற்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பதில் சொல்லவும் தெம்பில்லாமல் கிடப்பேன். அடுத்த நிமிடம் உண்மையிலேயே தூங்கிப்போவேன்.

ஒரு சாயங்காலம் இடுப்புப் பிடிப்பு. கண்ணை மூடினாலும் தூக்கம் வரவில்லை. வழக்கம்போலக் கேட்டாள். வலியில் பேசாமல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குதிகால் என் இடது தோள்பட்டையிலிருந்து இறங்கி, குறுக்கே போய், வலது பக்கம் மேலே ஏறியது. "ப" என்றாள், காற்று மாதிரி. மறுபடியும் அதே. மறுபடியும். கோணலாகப் போனால் உள்ளங்காலால் என் முதுகைத் துடைத்தாள், சிலேட்டை அழிக்கிற மாதிரி.

பிறகு பெரிய சொல் ஒன்று வந்தது. இடம் போதாமல் ஒரு எழுத்தை எழுதுவாள், துடைப்பாள், அடுத்ததை எழுதுவாள். சோ. ழ. வ. அவள் வாயால் சொல்லாமல் இருந்திருந்தாலும் என் முதுகு எனக்குச் சொல்லியிருக்கும். சோழவந்தான். கடைசி எழுத்தை முடித்துவிட்டு முழுச் சொல்லையும் ஒரு தடவை எனக்கு மேலே நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான் அசையவில்லை. எனக்குத் தெரியாமல் படித்து ஒரு நாள் அசத்தப் பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அன்றிலிருந்து தூக்கம் வராத நாளிலும் தூங்கினேன். நடிப்புக்குக் குறட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

வாசித்துக் காட்ட வேண்டிய நாளில் லீவு போட்டுவிட்டு வகுப்புச் சன்னலுக்கு வெளியே போய் நின்றேன். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு அடங்கியது. மகள் ஆரம்பித்தாள். பாவாடைக்குக் கீழே அவளுடைய வலது குதிகால் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. எழுத்து எழுத்தாக, ஊர்ந்து ஊர்ந்து வாசித்தாள். ஒரு இடத்தில் தடுக்கினாள். உள்ளங்காலால் தரையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதி, அந்தச் சொல்லைத் தாண்டினாள். மற்றப் பிள்ளைகள் ஒரு மூச்சில் முடிக்கிற பக்கத்தை அவள் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாசித்தாள். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

"நாலாவதுக்கு அனுப்புறேண்ணே. இன்னும் ரொம்ப தூரம் போகணும்" என்றார் வெளியே வந்து. அந்த இரண்டாவது பாதி எனக்குக் காதில் விழவே இல்லை. நேராக டீக்கடைக்குப் போய், தூங்கிக்கொண்டே பாடம் நடத்திய ஒரே வாத்தியார் நான்தான் என்று அறிவித்தேன். வெற்றிலை அடுக்க ஆள் வராது என்று மச்சானுக்கும் சொல்லியனுப்பினேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. அவள் இன்றைக்கும் மெதுவாகத்தான் வாசிப்பாள், ஆனால் வாசிப்பாள். எந்தப் பிள்ளையாவது என் எதிரில் தட்டுத் தடுமாறி வாசித்தால், நாக்கு நுனிக்கு வந்த வேடிக்கையை நான் விழுங்கிவிடுகிறேன். டீக்கடையிலிருந்து திரும்பிய அன்றைய சாயங்காலம்தான் அதற்குக் காரணம். குப்புறப் படுத்தேன். அவள் ஏறினாள். இருந்த மிதப்பில் கேட்டேன்.

"ஏம்மா, அப்பா முழிச்சிருக்கையில வராத எழுத்து, தூங்கையில மட்டும் எப்பிடி வந்துச்சு?"

மிதிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"தூங்கும்போதுதான் நீங்க சிரிக்க மாட்டீங்க."