நாற்பத்திரண்டுக்கு ஒரு பக்கம்

என் வீட்டுக்காரருக்குக் கல்யாண நாள் மறந்துபோகும். மகளின் பிறந்தநாள் மறந்துபோகும். அடுப்பில் பால் வைத்ததும் மறந்துபோகும். அகாடமியில் அவருக்குக் கொடுத்த துப்பாக்கியின் நம்பர் மட்டும் ஐம்பது வருஷமாகியும் மறக்கவில்லை. சில நாள் குளித்துக்கொண்டே அதைச் சத்தமாகச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

இருபத்தாறு வருஷம் இராணுவத்தில் இருந்தவர் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் இருந்தது சரக்குப் பிரிவில். மலை உச்சியில் காவல் இருப்பவர்களுக்கு மாவும் மண்ணெண்ணெயும் கம்பளிக் காலுறையும் நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற வேலை. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் அகாடமியில் வைத்த பெயர் குமாஸ்தா. கர்னலாக ஓய்வு பெற்ற பிறகும் கூடப் படித்தவர்கள் போன் செய்தால் "டேய் குமாஸ்தா" தான். அவர்களுடைய சங்கத்துக்கு இவர்தான் செயலாளர். யாரும் போட்டி போடாத பதவி, அதனால் இருபது வருஷமாக இவரிடமே இருக்கிறது.

அந்தப் பதவியில் இவர் ஒழுங்காகச் செய்கிற வேலை ஒன்று உண்டு. கூடப் படித்தவர்களில் யாராவது இறந்துபோனால் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். எண், பதவி, எந்தெந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம், எப்படி இறந்தார், குடும்பம். எல்லாம் வரிசையாக இருக்கும், புகழ்ச்சி ஒரு சொல் இருக்காது. கடைசியில் மட்டும் தனியாக ஒரு வரி. அகாடமியில் இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு அலமாரி. அதைப் பங்கு போட்டுக்கொண்டவர் யாரோ, அவருக்குப் போன் செய்து, "அவனப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று கேட்பார். அவர் சொல்வதை அப்படியே எழுதி, கீழே 'பக்கத்துக் கட்டில்' என்று போடுவார். ஒருவர் பற்றி, 'பல் விளக்காமல் டீ குடிப்பான், கடைசி வரை திருத்த முடியவில்லை' என்று வந்தது. எல்லையில் குண்டடிபட்டு இறந்த இன்னொருவர் பற்றி, 'இருட்டென்றால் அவனுக்குப் பயம்' என்று வந்தது. அதைப் படித்து அவருடைய மனைவி போனில் அழுதார், பிறகு அந்தப் பக்கத்தில் இன்னும் பத்துப் பிரதி கேட்டார்.

பயிற்சி முடித்த ஐம்பதாவது வருஷத்துக்கு இந்தப் பக்கங்களையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடலாம் என்று முடிவானது. மொத்தம் முப்பத்தொரு பக்கம். கூட்டத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிப்பது, இறந்தவர்களின் குடும்பத்தை அழைப்பது என்று ஏற்பாடு. தட்டச்சு வேலை என் தலையில். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள், வேகமாகத் தட்டுவேன் என்று அவருடைய எண்ணம்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் போன் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையாம். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது என்றாள். அவரும் அதே அகாடமியில் அதே வருஷத்தில் இருந்தவர், பயிற்சி முடிய ஏழு வாரம் இருக்கும்போது வெளியே அனுப்பிவிட்டார்கள், பிறகு தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டினார் என்று சொன்னாள். அப்பாவின் பெயர் புத்தகத்தில் வருமா என்பது மட்டும்தான் அவளுடைய கேள்வி. என் வீட்டுக்காரர், "கேட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார். பாதிச் சொல்லை மென்று விழுங்கினார். போனில் குரல் கேட்டே வயிறு வளர்த்தவளிடம் அது செல்லுமா?

சங்கத் தலைவரிடம் கேட்டார். ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள், உயரம் அப்படி. நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். பயிற்சி முடித்தவனுக்குத்தான் பக்கம், பாதியில் போனவனுக்கு எப்படி, இன்று ஒருவன் என்றால் நாளை நாலு பேர் கேட்பார்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். இவர் இரண்டு நாள் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்தார். மூன்றாம் நாள் காலை தட்டை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டு, விஷயம் என்னவென்று சொல்லும்வரை இந்த வீட்டில் சமையல் கிடையாது என்றேன். வேறு வழியில்லாமல் சொன்னார்.

அகாடமியில் இவர் நாற்பத்தொன்றாம் எண். அந்தப் பெண்ணின் அப்பா நாற்பத்திரண்டு. ஒரே அலமாரி. பூட்ஸ் துடைக்கும்போது விசிலடிப்பாராம், அதனால் பெயர் விசில். ஒருநாள் சுடும் பயிற்சியின்போது நல்ல மழை. சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தாங்கியில் மாட்ட வேண்டும். இவர் நனைந்துபோன அவசரத்தில் பார்க்காமல் மாட்டிவிட்டார். மறுநாள் விடியற்காலை அணிவகுப்புக்கு ஓடும்போது பக்கத்தில் இருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்ததை விசில் எடுத்தார். மைதானத்தில் நின்ற பிறகு கட்டையில் பொறித்த நம்பரைப் பார்த்தால் அது இவருடையது அல்ல. வாய் திறப்பதற்குள் அதிகாரி வந்து விசிலின் துப்பாக்கியைத் திறந்தார். உள்ளே வெடிக்காத குண்டு.

"அப்ப சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"யாரும் நம்பரக் கேக்கல. எவன் கையில இருக்கோ அவன்தான் பொறுப்பு, அதான் அங்க சட்டம்."

"அவருக்குத் தெரியுமா?"

"பக்கத்துல இருக்கறவன் துப்பாக்கி நம்பர் எல்லாருக்கும் தெரியும். அவன் கீழ குனிஞ்சு பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். அப்புறம் நேரா பாத்துக்கிட்டு நின்னான்."

நாலாவது நாள் விசிலை அனுப்பிவிட்டார்கள். இவர் அப்போது வகுப்பில் இருந்தாராம். திரும்பி வந்தபோது அலமாரியில் பாதி காலி.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குண்டை விட்டதற்காக அல்ல, இருபது வயதில் யாருக்கும் கை தவறும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை என்னிடம் சொல்லவில்லையே என்றுதான். குளிக்கும்போது கத்துகிற நம்பரைக் கேட்டு நான் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், இவ்வளவு நாள் சேர்த்து வைத்த நல்ல பெயர் ஒரே மத்தியானத்தில் போய்விடும் என்றார். எழுதாவிட்டால், என்றேன்.

அன்று பகல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். விசிலோடு வேலை பார்த்த ஒரு அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். இருபத்தொன்பது வருஷம் தீயணைப்பு வண்டி. துணிக் கிடங்கு பற்றி எரிந்தபோது, தீப்பிடித்த லாரி ஒன்றை வீடுகளுக்கு நடுவிலிருந்து பின்பக்கமாகவே ஓட்டி வெளியே கொண்டுவந்திருக்கிறார். இடது காதும் கையும் வெந்து ஆறு மாதம் படுக்கை. காலையில் வேலைக்கு வந்தால் ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் உட்காருவாராம். அடுத்தவன் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் கேட்க மாட்டாராம்.

இவர் முப்பத்திரண்டாவது பக்கத்தை எழுதி என்னிடம் கொடுத்தார். எண் நாற்பத்திரண்டு. பதவி, வண்டி ஓட்டுநர். கடைசி வரி இப்படி இருந்தது: 'அன்று காலை அவன் கையில் இருந்தது என் துப்பாக்கி. உள்ளே குண்டை விட்டவன் நான். - பக்கத்துக் கட்டில்.' தட்டச்சு செய்யும்போது எனக்கு இரண்டு முறை தப்பு வந்தது.

ஒட்டகம் வீட்டுக்கே வந்துவிட்டார். எழுபது வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை, பக்கம் போட்டுக்கொள், கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு என்று இறங்கி வந்தார். இவர், வரி இல்லாமல் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லாமல் புத்தகமும் இல்லை என்று சொல்லிவிட்டார். மனிதர் ஒரு விஷயத்தில் இப்படிப் பிடிவாதமாக நின்று நான் பார்த்ததில்லை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஒளிக்காமல் சொல்கிறேன்.

கூட்டம் ஒரு வாடகை மண்டபத்தில். நூறு நாற்காலி போட்டு அறுபது நிறைந்தது. இவரே எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். முப்பத்திரண்டாவது வரும்போது குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை, மாவு மூட்டை எத்தனை என்று சொல்கிற அதே குரலில் வாசித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பல வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

டீ கொடுக்கும்போது அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். நாற்பது வயது இருக்கும். இவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அப்பா வேலைக்கு வர்ற புதுப் பசங்க எல்லாருக்கும் இதச் சொல்வார் சார். கையில எடுத்தா முதல்ல நம்பரப் பாருன்னு. துப்பாக்கி யாருதுன்னு மட்டும் சொன்னதில்ல. நான் கேட்டிருக்கேன். அவன் இன்னும் வேலையில இருக்கான், விடும்மான்னுவார்."

இவர் தலையாட்டினார்.

"நாங்க நாலு தடவ வீடு மாறினோம்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் புது விலாசத்த உங்க சங்கத்துக்கு எழுதிப் போடுவார். நான்தான் போய்த் தபால்பெட்டியில போடுவேன். உங்களச் சேத்துக்காத சங்கத்துக்கு எதுக்குப்பா எழுதறீங்கன்னு கேப்பேன். சங்கத்துக்கு இல்லம்மா, செயலாளருக்குன்னு சொல்வார். இன்னிக்குத்தான் எனக்குப் புரியுது."

அவ்வளவுதான் சொன்னாள். புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குச் சொல்லவில்லை.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. ஒரு சிக்னலில் நின்றபோது, முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடிதம் நாலு இல்ல, அஞ்சு. கடைசிக் கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து போட்டான். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது போல. பார்வையாளர் நேரம் காலையில எப்ப, சாயந்தரம் எப்பன்னு கூட எழுதியிருந்தான்."