பேசாமல் வாங்கிய தையல் மிஷின்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் அக்கா புருஷன் வாயைத் திறக்காமலே இருபது வருஷம் பிழைத்தார். பழைய சாமான் கடை அவருக்கு. கட்டில், பீரோ, மின்விசிறி என்று எது வந்தாலும் வாங்குவார். விற்க வந்தவர் ஒரு விலை சொல்வார். மாமா பொருளையே பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். வந்தவர் காலை மாற்றி மாற்றி நிற்பார், தொண்டையைச் செருமுவார், பிறகு விலை தானாக இறங்கும். கடைத்தெருவில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தான் யாரிடமும் பேரம் பேசியதில்லை, பொய் சொன்னதில்லை, அவரவர் வாயால் அவரவரே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி. விற்பவரின் பெயரைக் கேட்க மாட்டார், ஏன் விற்கிறார் என்றும் கேட்க மாட்டார். காரணம் காதில் விழுந்தால் கை இளகிவிடுமாம். அதே கடையின் வாசல் பக்க மூலையில் மேசை போட்டு மிக்ஸி பழுது பார்ப்பவன் நான். வாடகை கிடையாது. அதனால் மாமா சொல்வதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் ஓர் அம்மா தள்ளுவண்டியில் காலால் மிதிக்கும் தையல் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பில் இரண்டு ஊசி குத்தியிருந்தது, எடுக்க மறந்திருப்பார் போல. மாமா ஜாடை காட்ட, நான் மிஷினை மிதித்துப் பார்த்தேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. தினம் துடைத்து எண்ணெய் விட்ட மிஷின். ஒன்பதாயிரம் தாராளமாகப் போகும்.

அந்த அம்மா எட்டாயிரம் கேட்டார். மாமா மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவே ஆறு என்றார். பிறகு நாலு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்களே மிதிச்சுப் பார்த்தீங்களே. நல்லா ஓடுதுல்ல?"

நான் மிக்ஸியின் அடியில் ஒரு திருகாணியைத் தேடத் தொடங்கினேன்.

"ரெண்டாயிரம் குடுங்க போதும். சாயங்காலத்துக்குள்ள பணம் வேணும்" என்றார். ரெண்டாயிரத்துக்கு மாமாவே தலையாட்டியிருப்பார். ஆனால் இருபது வருஷப் பழக்கம், இன்னும் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டார். அந்த ஒரு மூச்சில் அந்த அம்மா ஆயிரத்துக்கு வந்துவிட்டார். வாங்கிய ஆயிரத்தில் நூறை வண்டிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அன்று சாப்பிடும்போது மாமா இதை வீரக்கதையாகச் சொன்னார். அக்கா வாயாடி. தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எதுக்காம் வித்தாங்க?"

"கேக்கலை."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் வாய் மூடிக்கொண்டது. மற்றபடி பால்காரன், வாடகை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் வழக்கம் போலப் பேசுவாள். மிஷின் என்றால் மட்டும் மாமாவின் முகத்தையே பார்ப்பாள்.

முதல் நாள் மாமா, வியாபாரம் என்றால் அப்படித்தான் என்றார். அக்கா பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, அவங்களே சொன்ன விலைதானே என்றார். அடுத்த மாதம், ரெண்டாயிரமாவது கொடுத்திருக்கலாம் என்றார். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எட்டாயிரமே குடுத்திருக்கணும். நான் பண்ணினது கொள்ளை" என்றார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மௌனசாமியை மௌனத்தாலேயே வாங்கிவிட்டாளே என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். அடுத்தது என் முறை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மீதிப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாமா தேட ஆரம்பித்தார். பேர் தெரியாது, வீடு தெரியாது. பெரிய ரோட்டில் வைத்து ஏற்றினேன், அதற்கு மேல் தெரியாது என்று வண்டிக்காரன் கைவிரித்தான். ஏறாத தையல் கடை இல்லை. மிஷினின் இழுப்பறையில் துணியில் கோடு போடும் ஒரு சாக்குக்கட்டியும் அளவுச் சீட்டும் கிடைத்தன. நீளம் இருபது, தோள் பதினொன்று, கை ஆறு. ஏதோ ஒரு பிள்ளையின் சட்டை. சீட்டிலும் பேர் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போதெல்லாம் மாமா அதை எடுத்துப் பார்த்து, இப்போது இந்த அளவு பத்தாது என்பார்.

அவருக்கு நிசப்தம் ஆகாமல் போனது. யாரும் பேசாத இடத்தில் எட்டு, ஆறு, நாலு என்று அந்தக் குரல் இறங்கி வருகிறதாம். கடையில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். விற்க வருகிறவர் வாய் திறக்குமுன் மாமாவே நல்ல விலையைச் சொல்லிவிடுவார். ஜனங்கள் மிரண்டார்கள். இவ்வளவு தருகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று, ஓடாத மின்விசிறியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனவர்கூட உண்டு. வியாபாரம் பாதியானது. தையல் மிஷின் மட்டும் வாசலோரம், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி நிற்கிறது. விலை கேட்டால் மாமா எழுந்து உள்ளே போய்விடுவார்.

போன வாரம் மாமாவுக்குக் காய்ச்சல். கடையைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்தாள். ரேடியோவை நிறுத்தினாள். மிஷினைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, அதற்கும் என் மேசைக்கும் நடுவில் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். எட்டினால் தொட்டுவிடலாம். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சில் மாமா என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அன்னிக்கு நீயும் இங்கதான இருந்தே?"

வேலையாக இருந்தேன் என்றேன். அக்கா பேசவில்லை. மாமா வியாபாரத்தில் நான் எப்படித் தலையிடுவது என்றேன். பேசவில்லை. வாடகை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் வாயைத் திறக்க முடியுமா என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் குரல் படிப்படியாக இறங்குவது எனக்கே கேட்டது.

"அந்தம்மா என்னைத்தான் கேட்டாங்க அக்கா. நல்லா ஓடுதான்னு."

அக்கா அப்போதும் பேசவில்லை.

"நல்லா ஓடுது" என்றேன். "ஒன்பதாயிரம் தாராளமா போகும்."